ரென்விக் கேலரியை கைடுடன் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

விர்ஜீனியாவிலோ மேரிலாந்திலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிற அப்பா அம்மாவை வாஷிங்டன் டிசி சுற்றிக் காட்ட அழைத்துப் போகும்போது ஒரு வழக்கமான பட்டியல் உண்டு. நாடாளுமன்றம், லிங்கன் நினைவகம், விமான மியூசியம், கடைசியாக வெள்ளை மாளிகை வேலிக்கு முன்னால் ஒரு போட்டோ. அந்த வேலியிலிருந்து மேற்கே சில நிமிடம் நடந்தால், பென்சில்வேனியா அவென்யூவும் 17ஆம் தெருவும் சேரும் முனையில் செங்கல் சுவரும் மணற்கல் வேலைப்பாடும் கொண்ட ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. அதுதான் ரென்விக் கேலரி. அமெரிக்க அரசின் ஆதரவில் நடக்கும் ஸ்மித்சோனியன் மியூசியங்களில் ஒன்றான அமெரிக்கக் கலை மியூசியத்தின் கிளை. 1972 ஜனவரியில் இந்தப் பெயரில் திறந்ததிலிருந்து அமெரிக்கக் கைவினைக்கென்றே இருக்கிறது. அனுமதி இலவசம்.

இதைத் தனியாகச் சுற்றினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விவரம் தெரிந்த ஒரு கைடுடன் சுற்றினால் ஒரு மணி நேரம் போதாது. காரணம் எளிது. ஓவியத்தில் இருப்பதெல்லாம் கண்ணுக்கு நேராக இருக்கும். கைவினைப் பொருளில் முக்கியமான பாதி கண்ணில் படாது. எத்தனை பலகையை ஒட்டினார்கள், எவ்வளவு சூட்டில் வேகவைத்தார்கள், எந்த இடத்தில் உடைந்துவிடும் என்று பயந்தார்கள் என்பதையெல்லாம் சுவரில் ஒட்டிய நாலு வரி லேபிள் சொல்லாது. அதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

கேலரி காலை 10 முதல் மாலை 5:30 வரை திறந்திருக்கும். வழக்கமாக டிசம்பர் 25 ஒருநாள்தான் விடுமுறை. ஆனால் அரசுப் பணத்தில் நடக்கிற இடம். நாடாளுமன்றத்தில் பட்ஜெட் நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் முடங்கும் நாட்களில் இதுவும் மூடப்படலாம். கிளம்பும் அன்று காலை இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இங்கே சுற்றிக் காட்டுகிறவர்களை டோசன்ட் என்கிறார்கள். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மியூசியமே பயிற்சி கொடுத்துத் தயார் செய்தவர்கள். அன்றைக்கு எத்தனை மணிக்கு டூர், எங்கே கூடுவது என்பது இணையதளத்தின் நிகழ்ச்சிப் பட்டியலில் இருக்கும். பத்துப் பதினைந்து பேராக, தமிழ்ச் சங்கம் போலவோ பள்ளிக் குழுவாகவோ போவதென்றால் சில வாரம் முன்பே எழுதிக் கேட்டுத் தனி டூர் பதிவு செய்வது நல்லது. அப்படி எழுதும்போது உங்கள் குழுவில் யார் என்ன தொழில் செய்தவர்கள் என்பதையும் இரண்டு வரி சேருங்கள். தறி நெய்தவர், தச்சு வேலை தெரிந்தவர், தையற்கடை வைத்திருந்தவர் வருகிறார் என்று தெரிந்தால் நல்ல கைடு அதற்கேற்பப் பொருட்களைத் தேர்ந்தெடுப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2017 இறுதியில் போனவர்கள், குற்றம் நடந்த அறைகளை பொம்மை வீடு அளவுக்கு நுணுக்கமாகச் செய்து போலீசாருக்குத் துப்பறியக் கற்றுக்கொடுத்த பிரான்சிஸ் கிளெஸ்னர் லீயின் மாதிரிகளைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு போனவர்கள் நெவாடா பாலைவனத்தின் பர்னிங் மேன் திருவிழாவில் உருவான பெரும் சிற்பங்களைப் பார்த்தார்கள். நான் கீழே சொல்லும் பொருட்கள் இந்தக் கேலரியின் சேகரிப்பில் உள்ளவை. நீங்கள் போகும் நாளில் எல்லாமே வெளியே வைக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குறிப்பாக ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் அதன் பெயரை இணையதளத்தில் தேடினால் இப்போது காட்சியில் இருக்கிறதா என்று தெரியும்.

மெட்ரோவில் வருவது உத்தமம். நீலம், ஆரஞ்சு, வெள்ளித் தடங்களுக்கு ஃபாரகட் வெஸ்ட், சிவப்புத் தடத்துக்கு ஃபாரகட் நார்த். இரண்டிலிருந்தும் நடந்துவிடலாம். வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் தேடுவதைப் போல வீண் வேலை வேறில்லை.

டூருக்கு முன் கட்டடத்தைப் பாருங்கள்

டூர் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய் எதிர்ச்சாரியில் நின்று கட்டடத்தை நிதானமாகப் பாருங்கள். வாசலுக்கு மேலே 'கலைக்கு அர்ப்பணம்' என்று ஆங்கிலத்தில் கல்லில் வெட்டியிருக்கும். மாடித் தூண்களின் தலைப்பில் மக்காச்சோளக் கதிர்கள் தெரியும். நம் கோயில் தூண்களில் போதிகை வாழைப்பூவாகத் தொங்குவதுபோல, பிரெஞ்சுப் பாணிக் கட்டடத்தில் அமெரிக்க மண்ணின் பயிரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் ஜேம்ஸ் ரென்விக். நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தையும், ஸ்மித்சோனியனின் கோட்டை போன்ற செந்நிறக் கட்டடத்தையும் வடிவமைத்தவர் இவர்தான்.

வில்லியம் கார்கரன் என்ற வங்கி முதலாளி தன் ஓவியச் சேகரிப்பை வைக்க 1859இல் இதைக் கட்டத் தொடங்கினார். முடிவதற்குள் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. கார்கரனுக்குத் தென் மாநிலங்கள் மீது பரிவு. வடக்கு ராணுவம் கட்டடத்தைக் கைப்பற்றிச் சீருடைக் கிடங்காக்கியது. ஒருவழியாக 1874இல் கேலரியாகத் திறந்தது. பிறகு நீதிமன்றம் வந்து பல பத்தாண்டுகள் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலின் கென்னடி தலையிட்டுக் காப்பாற்றினார்.

சரி, உள்ளே போகலாம். பையைச் சோதிப்பார்கள். பெரிய பை வேண்டாம். மாடிப்படியில் விரித்திருக்கும் சிவப்புக் கம்பளம் ஓரம் நேராக இல்லாமல் நெளிந்து வழிந்திருக்கும். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஒடீல் டெக் வடிவமைத்தது. 2015இல் இரண்டாண்டுச் சீரமைப்பு முடிந்து திறந்தபோது வந்தது. படிக்கு மேலே தொங்கும் பளபளப்பான எஃகுக் கம்பிகளும் அப்போது வந்தவை. லியோ வில்லாரியல் செய்தது. 320 கம்பிகளில் 23,000 எல்இடி விளக்குகள். ஒளி மாறும் விதத்தை ஒரு கணினி நிரல் தீர்மானிக்கிறது. பார்த்த காட்சி திரும்ப அப்படியே வருவதில்லை.

கைடைச் சந்தித்ததும்

டூர் தொடங்குமுன் கைடு 'எங்கிருந்து வருகிறீர்கள்?' என்று கேட்பார். பெரும்பாலானவர்கள் ஊர் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள். நீங்கள் இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். 'எங்கள் ஊரில் பட்டு நெய்வார்கள்', 'என் மாமா தச்சர்', 'அம்மா பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுவார்.' கைடுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. நீங்கள் கையோட்டம் தெரிந்தவர் என்று தெரிந்தால் பேச்சின் தரமே மாறும்.

ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்கள் உடன் வந்தால் முன்கூட்டியே கைடிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தமிழில் சொல்ல ஒரு நிமிடம் கேட்டு வாங்குங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பின்னால் நின்று கிசுகிசுத்துக்கொண்டே வருவதுதான் மற்றவர்களுக்கு இடைஞ்சல்.

கைடு முதலில் எதையும் விளக்காமல் 'என்ன தெரிகிறது?' என்று நம்மையே கேட்பார். நம்மில் பலருக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பரீட்சையில் கேட்பது போலத் தோன்றும். சரியான பதில் என்று ஒன்றும் கிடையாது. கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும்.

லேபிளைக் கடைசியில் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு மரக் கலைஞர் வெண்டல் காஸில் 1985இல் செய்த 'கோஸ்ட் க்ளாக்' (பேய்க் கடிகாரம்) போதும்.

ஏழடிக்கு மேல் உயரம். பழைய காலத்து நெட்டைக் கடிகாரம் ஒன்றின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, மேல்பகுதியில் ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டி வைத்திருப்பதுபோல் இருக்கும். அடியில் மட்டும் பழுப்பு மரம் எட்டிப் பார்க்கும். வீடு பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்கள் தூசி படியாமல் மூடி வைத்த சாமான் என்றுதான் தோன்றும். கைடு, 'உள்ளே கடிகாரத்தில் மணி என்ன இருக்கும்?' என்று கேட்பார். சிலர் ஒரு அடி முன்னால் போய் எட்டிப் பார்ப்பார்கள்.

பிறகு லேபிளில் பொருள் என்ற இடத்தைப் படிக்கச் சொல்வார். வெளுக்கப்பட்ட ஹோண்டுராஸ் மகோகனி. அவ்வளவுதான். துணி இல்லை, கயிறு இல்லை, கடிகாரமும் இல்லை. எல்லாமே மரம். துணி போலத் தெரியும் பகுதியை மட்டும் வெளுத்து வெள்ளையாக்கியிருக்கிறார். லேபிளை முதலிலேயே படித்துவிட்டவருக்கு இந்த நொடி கிடைக்காது. ஏமாந்து வியக்கிற சந்தோஷத்தை அவரே கெடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது இன்னும் ஒரு நிமிடம் அங்கேயே நில்லுங்கள். கயிறு இறுக்கும் இடத்தில் மடிப்புகள் எப்படி ஒடுங்குகின்றன, விளிம்பில் துணியின் கனம் எப்படித் தொங்குகிறது என்று பாருங்கள். காஸில் பலகைகளை அடுக்கி ஒட்டிப் பெரிய கட்டையாக்கி, அதிலிருந்து செதுக்கி எடுக்கும் முறைக்குப் பேர்போனவர். நம்மூர்த் தச்சர் ஒருவர் உடன் இருந்தால் அவர் தேடுவது ஒட்டு எங்கே என்பதைத்தான். கைடிடமும் அதையே கேளுங்கள்.

என்ன கேட்கலாம்

'இதற்கு என்ன அர்த்தம்?' என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். அதற்குக் கைடு எங்கோ படித்த பதிலைச் சொல்வார். 'இதை எப்படிச் செய்தார்?' என்று கேளுங்கள், அப்போது அவர் முகமே மலரும். செய்முறையைச் சொல்லி முடிக்கும்போது அர்த்தம் பாதி தானாக வந்திருக்கும்.

டோஷிகோ டகேசு செய்த வாய் மூடிய மண்பானைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஹவாயில் 1922இல் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக் கலைஞர் அவர். பானை என்றால் வாய் வேண்டும், இவர் வாயை மூடிவிட்டார். முழுக்க மூடினால் சூளையில் உள்ளே அடைபட்ட ஆவி பானையை வெடிக்க வைத்துவிடுமே என்று கேளுங்கள். உச்சியில் ஒரு சின்னத் துளை விட்டிருப்பதைக் கைடு காட்டுவார். சில பானைகளுக்குள் மூடுவதற்கு முன் ஒரு மண் உருண்டையைக் காகிதத்தில் சுற்றிப் போட்டிருப்பார் டகேசு. காகிதம் இருப்பதால் ஈர மண்ணில் உருண்டை ஒட்டாது. சூளையில் காகிதம் எரிந்து போய்விடும். அப்புறம் அந்தப் பானையை அசைத்தால் உள்ளே உருண்டை சத்தம் எழுப்பும். மியூசியத்தில் அசைத்துப் பார்க்க விட மாட்டார்கள். ஆனாலும் அது தெரிந்தபின் அந்தப் பானையைப் பார்ப்பது வேறு.

கேரன் லமான்ட் 2009இல் செய்த கண்ணாடி உடை இன்னொரு நல்ல நிறுத்தம். ஒரு பெண் சாய்ந்து படுத்திருக்கிறாள். உடை இருக்கிறது, உடையின் மடிப்புகள் இருக்கின்றன, உடல் மட்டும் இல்லை. உள்பக்கம் பார்த்தால் உடலின் அச்சு தெரியும். இது மெழுகில் உருவம் எடுத்து வார்க்கும் முறை. சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகத்தில் செய்வதும் அடிப்படையில் இதுதான், இங்கே உலோகத்துக்குப் பதில் கண்ணாடி. கண்ணாடியில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கனமான கண்ணாடி வார்ப்பை அவசரப்பட்டு ஆறவிட்டால் உள்ளழுத்தம் தங்கி விரிசல் விடும். வாரக்கணக்கில் படிப்படியாகச் சூட்டைக் குறைக்க வேண்டும். 'எத்தனை உடைந்தது?' என்று கேட்கத் தயங்க வேண்டாம். எந்தக் கைவினைப் பொருளிடமும் கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்வி அது.

ஆல்பர்ட் பேலியின் 1974 இரும்புக் கதவுகள் முன்னால் கேட்க வேண்டியது வேறு: 'இவர் இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?' நகை செய்துகொண்டிருந்தார். தட்டார் வேலையிலிருந்து கொல்லர் உலைக்கு வந்தவர். எஃகோடு பித்தளை, செம்பு, வெண்கலம் சேர்த்துக் கொடிபோல வளைத்திருக்கும் அந்தக் கதவில், ஒரு வளைவின் நுனி எப்படி மெலிந்து முடிகிறது என்று பாருங்கள். அந்த நுனியில் இன்னும் நகைக்காரர் இருக்கிறார். இந்தக் கேலரிக்காகவே செய்து வாங்கிய கதவுகள் இவை.

நம் ஆட்கள் கைடிடம் கேட்க வேண்டிய பெரிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. நம் ஊரில் கைத்தொழில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது, பல இடங்களில் சாதியோடு பிணைந்தது. இந்தப் பெயர்ப் பலகைகளில் இருப்பவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது? பதில் பெரும்பாலும் பல்கலைக்கழகம். 1944இல் வந்த ஜிஐ பில் சட்டம் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குக் கல்விச் செலவைக் கொடுத்தது. அவர்களில் பலர் கலைத்துறைகளில் சேர்ந்து மண்ணும் மரமும் படித்தார்கள், பிறகு அங்கேயே ஆசிரியர்கள் ஆனார்கள். வம்சத் தொழிலாக இல்லாததால் பானைக்கு வாய் வைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. கண்ணாடியும் அப்படித்தான். 1962இல் ஹார்வி லிட்டில்டன் டொலீடோ நகர மியூசியத்தில் பட்டறை நடத்தி, தொழிற்சாலைக்கு வெளியே தனி ஒருவர் ஒரு சின்ன உலையில் கண்ணாடி ஊதலாம் என்று காட்டினார்.

எல்லோரும் கல்லூரியில் கலை படித்து வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். கரோலின் மஸ்லூமி விமானவியல் பொறியாளர். பின்னர் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதில் இறங்கி, 1985இல் கறுப்பினப் பெண் தையற்கலைஞர்களுக்கென ஒரு கூட்டமைப்பையே உருவாக்கினார். அந்தப் போர்வைகள் காட்சியில் இருந்தால் பாட்டிமாரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கள். பழைய சேலையைத் தைத்துப் போர்வையாக்கியவர்களுக்குக் கைடு தேவைப்படாது.

வலைக்கு அடியில் படுங்கள்

மாடியில் உள்ள பெரிய கூடத்தில் ஜேனட் எக்கல்மேனின் '1.8 ரென்விக்' தொங்கிக்கொண்டிருந்தால் டூரில் அதற்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். பின்னியும் முடிச்சிட்டும் செய்த வண்ண வலை, கூடத்தின் உச்சியில் அலை அலையாகத் தொங்கும். விளக்கின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மக்கள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பார்கள். நீங்களும் படுக்கலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

2011 மார்ச் 11இல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்தின் சுனாமி அலைத் தரவுகளிலிருந்து எடுத்த வடிவம் இது. அந்த அதிர்வில் பூமியின் ஒரு நாள், ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 1.8 பங்கு குறைந்தது. பெயரில் இருக்கும் எண் அதுதான். 2004 டிசம்பரை நினைவில் வைத்திருக்கும் கடற்கரைக்காரர்களுக்கு இந்த வலைக்கு அடியில் படுப்பது சாதாரண விஷயமாக இருக்காது.

அதைவிட நெருக்கமான இன்னொரு தொடர்பும் உண்டு. 1997இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஓவியக் கண்காட்சி நடத்த இந்தியா வந்தார் எக்கல்மேன். அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை, கண்காட்சி நாள் நெருங்கிவிட்டது. அப்போது அவர் இருந்தது மாமல்லபுரத்தில். சிற்பத்துக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே என்று வெண்கல வார்ப்பை முயன்று பார்த்தார். பெரிதாகச் செய்தால் கனமும் செலவும் கட்டுப்படியாகவில்லை. கடற்கரையில் நடந்தபோது மீனவர்கள் வலையை மணலில் குவித்து வைப்பதைப் பார்த்தார். கனமே இல்லாமல் பருமனான வடிவம் செய்ய வழி அங்கே கிடைத்தது. அந்த மீனவர்களோடு சேர்ந்து செய்த முதல் வலைச் சிற்பத்துக்கு 'அகன்ற இடுப்பு' என்று பெயர் வைத்தார், தன்னையே வரைந்த உருவம் அது. இன்று உலகின் பல நகரங்களில் கட்டடங்களுக்கு நடுவே அவருடைய வலைகள் தொங்குகின்றன. கைடு மகாபலிபுரம் என்ற பெயரை உச்சரிக்கத் திணறினால் நீங்களே சொல்லிக் கொடுங்கள். வலையின் கண் அளவு, முடிச்சு, பின்னல் என்று பேச்சை இழுத்தால் குழுவில் மற்றவர்களுக்கும் நல்ல விருந்து.

குழந்தைகளும் பெரியவர்களும்

குழந்தைகளுக்கு லாரி ஃபுவெண்டே 1988இல் செய்த 'கேம் ஃபிஷ்' ஒன்றே போதும். பெரிய மயில்மீன், உடம்பு முழுக்கத் தாயக்கட்டை, டாமினோ, யோயோ, பூப்பந்து என்று விளையாட்டுச் சாமான். என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டால் நீங்கள் நிம்மதியாகக் கைடு பேசுவதைக் கேட்கலாம். தொடக்கூடாது என்பதை மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், இங்கே எல்லாமே தொடத் தூண்டும் பொருட்கள். தொட்டுப் பார்க்க மாதிரித் துண்டு ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கைடிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு சக்கர நாற்காலி இலவசமாகவே கிடைக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். போட்டோ எடுப்பது பொதுவாகச் சரி. ஃபிளாஷ், ஸ்டாண்டு வேண்டாம். ஒரு டூரில் ஆறேழு பொருளுக்கு மேல் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

டூர் முடிந்ததும் கைடுக்கு டிப்ஸ் கொடுக்க முயல வேண்டாம். அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் டிப்ஸ் என்ற பழக்கத்தில் பர்ஸை எடுப்போம். இவர்கள் தன்னார்வலர்கள், சங்கடப்படுவார்கள். இணையதளத்தில் நாலு வரி பாராட்டு எழுதினால் அது அவர்களிடம் போய்ச் சேர வாய்ப்புண்டு.

மிச்ச நேரத்தில்

காலை 10 மணிக்கே வந்தால் மதியத்துக்குள் ரென்விக் முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு இதன் தாய் மியூசியத்துக்குப் போங்கள். 8ஆம் தெருவும் ஜி தெருவும் சேரும் இடம், கேலரி பிளேஸ் மெட்ரோ நிலையம். அது 11:30க்குத் திறந்து இரவு 7 வரை இருக்கும். மேல் தளத்தில் லூஸ் மையம் என்ற பகுதியில் கிடங்கையே கண்ணாடி அலமாரிகளில் திறந்து வைத்திருக்கிறார்கள். 3,000க்கும் மேற்பட்ட பொருட்கள், அவற்றில் கைவினையும் நிறைய. அங்கே ஒவ்வொன்றுக்கும் நீண்ட விளக்கம் கிடையாது. காலையில் கேட்டுப் பழகிய கேள்விகளை வைத்து நீங்களே பார்க்க வேண்டியதுதான். ஜேம்ஸ் ஹாம்ப்டன் என்ற துப்புரவுத் தொழிலாளி வாடகை கராஜில் வருடக்கணக்கில் தனியாகச் செய்த சிம்மாசனமும் இதே கட்டடத்தில்தான் இருக்கிறது. தூக்கிப் போட்ட மேஜை நாற்காலி, எரிந்துபோன பல்பு, தங்க நிறத்திலும் வெள்ளி நிறத்திலும் மினுங்கும் தகட்டுத் தாள், அவ்வளவுதான் மூலப்பொருள். அதையும் லேபிளுக்கு முன்னால் பாருங்கள்.